பள்ளி விழாவுக்கு வந்த கலைஞர்கள்: மனசை விட்டுப் போகாத ஒரு கணம்

யீஷூன் பறை

மூன்று வருடம் ஆகிறது, இன்னும் உறுத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன். ஜூலை 21, இன நல்லிணக்க நாள், ஒரு தொடக்கப்பள்ளி மண்டபம். எங்கள் பறைக்குழுவுக்கு எட்டு நிமிடம். எங்களுக்கு முன்னால் மலாய்க்காரர்களின் கொம்பாங் மேளம், எங்களுக்குப் பின்னால் சீனர்களின் சிங்க நடனம். சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்த வரிசை பழக்கம்தான்.

காலையிலிருந்து மழை. எங்களிடம் நான்கு ஃபைபர் பறை, இரண்டு தோல் பறை. தோல் இரண்டும் தொய்ந்துபோய் தொப் தொப் என்றன. ஊரில் என்றால் நாலு ஓலையைக் கொளுத்திக் காய்ச்சிவிடலாம். பள்ளிக்குள் தீக்குச்சி கூட உரசக் கூடாது. ஒரு டீச்சர் முடி காயவைக்கும் டிரையர் கொண்டுவந்து தந்தார். மேடை ஓரத்தில் உட்கார்ந்து அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கொம்பாங் குழுவில் ஒரு பெரியவர், எழுபது வயது இருக்கும். பாச்சிக், அதாவது மலாயில் மாமா, என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என் பறையை மடியில் வைத்து, கட்டைவிரலால் நடுவில் அழுத்தி, விளிம்பில் ஒரு தட்டு தட்டிக் காதைக் கிட்டே கொண்டுபோனார். அப்புறம் தன் கொம்பாங்கைத் திருப்பிக் காட்டினார். ஆட்டுத்தோலுக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவில் ஒரு பிரம்பு வளையம். அதை உள்ளே தள்ளத் தள்ளத் தோல் இறுகும். அந்த வளையத்துக்குப் பெயர் "செடாக்" என்றார். என் பறையில் அதைச் செருக இடம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். இல்லை. சரியென்று, நான் டிரையரைப் பிடிக்க, பறையை அவரே அப்பளம் சுடுகிற மாதிரி மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தார்.

அப்போது உதவிக்கு வந்திருந்த பெற்றோர் ஒருவர், நம்மவர்தான், தமிழில் சொன்னார்: "தம்பி, இது சாவுக்கு அடிக்கிறதாச்சே. சின்னப் பிள்ளைங்க முன்னாடி வேணுமா? வேற ஏதாவது இருந்தா ஆடுங்களேன்."

பாச்சிக் நிமிர்ந்து பார்த்து, என்ன சொல்கிறார் என்று கேட்டார். "நேரமாச்சு என்கிறார்" என்றேன்.

அவர் பதறிப்போய்ப் பறையை வேகமாகச் சுற்ற ஆரம்பித்தார்.

ஆடினோம். பிள்ளைகள் எழுந்து நின்று குதித்தார்கள். பாச்சிக் கடைசிவரை ஓரத்தில் நின்று தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவர் அப்படி அவசரப்பட்டது மட்டும்தான் என் கண்ணில் நிற்கிறது.

சிட்னி அம்மா

இங்கே மார்ச் 21 ஹார்மனி டே, பிள்ளைகள் ஆரஞ்சுச் சட்டை போட்டுப் போகிற நாள். மகள் பள்ளிக்குப் பூர்வகுடிக் கலைஞர் ஒருவர் டிட்ஜெரிடூவோடு வந்திருந்தார். யூகலிப்டஸ் மரத்தை உள்ளே கரையான் தின்று குடைந்துவிடும், அந்தக் குழல்தான் வாத்தியம். கன்னத்தில் காற்றைத் தேக்கி ஊதிக்கொண்டே மூக்கால் மூச்சு இழுப்பார், சத்தம் அறுபடாது. மகுடி ஊதுகிறவர்கள் செய்வதும் இதைத்தான்.

முடிந்ததும் ஊதிப் பார்க்கப் பிள்ளைகள் வரிசை கட்டினார்கள். என் மகள் முறை வந்தபோது அவள் கையில் இரண்டு தாளக் கட்டைகளைக் கொடுத்தார். "எங்கள் மக்களில் பெண்கள் இதை ஊதுவதில்லை" என்றார். இந்தக் காலத்திலுமா என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. குழலின் அடிவாயில் அவள் உள்ளங்கையை வைக்கச் சொல்லி மறுமுனையில் ஊதினார். அவள் கை அதிர்வது எனக்கே தெரிந்தது. வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள்.

அந்த வழக்கம் எல்லாப் பூர்வகுடி மக்களிடமும் ஒரே மாதிரி இல்லை, சிலரிடம் கண்டிப்பாக இருக்கிறது என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டேன். வழக்கம் சரியா என்ற வாதம் எனக்குள் இன்னும் ஓயவில்லை. ஆனால் அவர்களுடைய மண்ணில் வந்து குடியேறியவள் நான். அவரை அப்படி மடக்கியிருக்கக் கூடாது.

டொராண்டோ தாளம்

யீஷூன், தோல் பறையை எதற்கு மண்டபத்துக்குள் கொண்டுபோனீர்கள்? ஸ்பேனரால் முடுக்குகிற ஃபைபர் பறை இருக்கும்போது மழையோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும்? இங்கே ஜனவரியில் தமிழ் மரபுத் திங்கள் நிகழ்ச்சிக்குப் பள்ளிக்குப் போனோம். வெளியே பனி, உள்ளே ஹீட்டர். தோல் வறண்டு, பாதி ஆட்டத்தில் பட்டென்று கிழிந்தது. ஒரு பையன் அழுதேவிட்டான். அன்றோடு தோலை விட்டோம்.

இன்னொன்று. அந்தப் பெற்றோருக்கு நீங்கள் அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். ஆமாம், சாவுக்கும் அடிக்கிறோம். திருவிழாவுக்கும் அடிக்கிறோம், ஊருக்குச் செய்தி சொல்லவும் அடித்தோம். தொல்காப்பியம் கருப்பொருளை எண்ணும்போது தெய்வம், உணவு, மரம், பறவையோடு பறையையும் சேர்த்துத்தான் எண்ணுகிறது. இழவு வீட்டில் அடிக்கிற வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி, அப்புறம் வாத்தியத்தையே தீட்டு என்று ஒதுக்கியது நம் ஆட்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்ல முடியும். நான் சொல்லியிருக்கிறேன். மலாய்ப் பெரியவருக்கும் சொல்லியிருக்கலாம்.

மொரீஷியஸில் இருந்தவன்

டொராண்டோ நண்பரே, சாதி பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. ஃபைபரைத்தான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மொரீஷியஸில் வேலை பார்த்தபோது ஒரு பள்ளி விழா. சேகா ஆட்டத்துக்கு ரவான் அடிப்பவர்கள் வந்தார்கள். அதுவும் ஆட்டுத்தோல், நம் பறை மாதிரியே வட்டச் சட்டம், அதையும் தீயில் காட்டித்தான் முடுக்க வேண்டும். அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் வளர்த்த ஆட்டம் அது. யுனெஸ்கோ 2014இல் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. மைதான ஓரத்தில் சருகு குவித்துத் தீ மூட்டினார்கள். தோல் சூடாகிறபோது ஒரு வாசனை வரும், தெரியுமில்லையா? எனக்கு எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் வாசல் வந்துவிட்டது. ஆட்டத்தைவிட அந்தத் தீயைச் சுற்றித்தான் பிள்ளைகள் நின்றார்கள். நாலு தட்டு தட்டி, காது கொடுத்து, மறுபடி தீயில் காட்டி... அதுவும் கலைதான். அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஜூரோங் அப்பா

சின்னதாக ஒன்று. சிங்க நடனம் தொடங்கியதும் என் மகன் வீறிட்டு அழுதான். பாலர் பள்ளி முதல் வருடம், கே1 படித்தான் அப்போது. கீரையைக் கவ்வித் தூவுகிற கட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பிறகு, தலைக்குள் இருந்த பையன் வெளியே வந்தான். பதினைந்து வயது இருக்கும், சட்டை பிழிந்தால் வேர்வை கொட்டும். தரையில் உட்கார்ந்து சிங்கத் தலையைக் கவிழ்த்து, உள்ளே மூங்கில் சட்டத்தில் தொங்கிய ஒரு கயிற்றை என் மகன் விரலில் மாட்டினான். இழுத்தால் இமை மூடுகிறது, விட்டால் திறக்கிறது. என் மகன் பத்து நிமிடம் சிங்கத்தின் இமையை மூடித் திறந்துகொண்டிருந்தான். அந்தப் பையன் தண்ணீர் கூடக் குடிக்காமல் தலையைப் பிடித்துக்கொண்டே இருந்தான். நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை.

ஈப்போ ஆசிரியை

எங்கள் பள்ளி விழாவுக்கு சரவாக்கிலிருந்து ஒரு சாப்பே கலைஞர் வந்தார். படகு மாதிரி செதுக்கிய நரம்பு வாத்தியம், ஒரு காலத்தில் நோய் தீர்க்கும் சடங்குகளில் வாசித்தது. மெதுவாகத்தான் தொடங்கும். இரண்டாவது நிமிடத்தில் அறிவிப்பாளர் "நன்றி, அடுத்து" என்று மைக்கை எடுத்தார். கலைஞர் தந்தியை உள்ளங்கையால் அணைத்தார், சிரித்தார், இறங்கிவிட்டார். நிகழ்ச்சி நிரல் போட்டவள் நான்.

அதனால் விழா ஏற்பாடு செய்கிற ஆசிரியர்களுக்குச் சொல்கிறேன். பன்னிரண்டு குழுவைக் கூப்பிடாதீர்கள், நான்கு போதும். ஒவ்வொருவருக்கும் இருபது நிமிடம் கொடுங்கள். மேடையில் பத்து, அப்புறம் வகுப்பறையில் பிள்ளைகளோடு பத்து. கலைஞரின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று முதல் நாளே போன் செய்து கேட்டு, உங்கள் எழுத்தில் எழுதி அறிவிப்பாளர் கையில் கொடுங்கள். வாத்தியத்தை யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்றும் அப்போதே கேளுங்கள். சிட்னி அம்மாவுக்கு வந்த சங்கடம் வராது. தீ மூட்ட வேண்டுமா என்று கேட்டு, வேண்டுமென்றால் மைதானத்தில் ஒரு மூலையும் இரண்டு வாளித் தண்ணீரும் ஒதுக்கித் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள். மைக்கைத் தோல் வாத்தியத்துக்கு ஒட்டி வைக்காதீர்கள், இரைச்சல்தான் வரும். சாப்பாடு கட்டாயம். பன்றி, மாடு, சைவம் எல்லாம் கேட்டு வாங்குங்கள். பொன்னாடை வேண்டாம், போக்குவரத்துச் செலவை அன்றே கையில் கொடுங்கள். முக்கியமாக, "இது எதற்கு வாசிப்பது" என்ற கேள்விக்குக் கலைஞரே பதில் சொல்லட்டும். நாம் முந்திக்கொண்டு சொல்ல வேண்டாம்.

யீஷூன் பறை

எல்லோருக்கும் நன்றி. டொராண்டோ அண்ணே, சொல்லியிருக்க வேண்டும்தான். அன்றைக்கு வெட்கமாக இருந்தது. பறைக்காக இல்லை, நம் ஆள் அப்படிச் சொன்னதை இன்னொருவர் முன்னால் திறந்து காட்ட வெட்கம்.

இந்த ஜூலையில் அதே பள்ளி கூப்பிட்டிருக்கிறது. கொம்பாங் குழுவும் அதேதானாம். தோல் பறையைத்தான் எடுத்துப் போகிறேன். பாச்சிக்குக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். மலாய் நன்றாகத் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்: "அன்றைக்கு அவர் நேரமாச்சு என்று சொல்லவில்லை, நான்தான் மாற்றிச் சொன்னேன்" என்று ஒரு பெரியவரிடம் மரியாதையாக எப்படிச் சொல்வது?