உபதேசத்தை மென்மையாக்கும் சபை: நீங்கள் நேரில் கண்டது என்ன?

திரைப்பணி
மூணு வருஷம் ஆச்சு, மனசு இன்னும் ஆறல. ஆராதனையில வசனத்தைத் திரையில போடுற ஊழியம் என்னுது. முதல் ஆராதனைக்குக் கொஞ்சம் முன்னாடி போதகர் வந்து, மாற்கு 1:15-ல "மனந்திரும்பி"ங்கிற வார்த்தையை மட்டும் எடுத்துட்டு மூணு புள்ளி வைக்கச் சொன்னார். புதுசா வர்றவங்க நிறைய பேர், முதல் நாளே பயமுறுத்த வேண்டாம்னார். நான் அழிச்சேன். ஒவ்வொரு எழுத்தா மறைஞ்சது இன்னும் கண்ணுக்குள்ள நிக்குது.

சபையார் சேர்ந்து வாசிச்சாங்க. "தேவனுடைய ராஜ்யம் சமீபமாயிற்று"ன்னு சொல்லி, புள்ளி வந்த இடத்துல எல்லாரும் ஒரு நொடி நிறுத்தினாங்க. அந்த அமைதியில முன்வரிசையில ஒரு பாட்டி, திரையைப் பார்க்காம மடியில இருந்த தன் வேதாகமத்தைப் பார்த்து, "மனந்திரும்பி"ன்னு தனியா வாசிச்சாங்க. எனக்குக் கையெல்லாம் குளிர்ந்துபோச்சு.

தம்பி
எங்க அண்ணனுக்குப் புற்றுநோய்னு தெரிஞ்சதும் சபையில எரேமியா 29:11-ஐ அட்டையில அச்சடிச்சுக் கொடுத்தாங்க. "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." கண்டிப்பா சுகம்னு அறிக்கை பண்ணச் சொன்னாங்க. மரணத்தைப் பத்தி யாரும் வாய் திறக்கல, அவிசுவாசமாம். அண்ணன் போனப்புறம் அண்ணி அந்த அட்டையை என் கையில திணிச்சு, "தம்பி, அப்ப இது பொய்யா?"ன்னு கேட்டாங்க.

எனக்குப் பதில் தெரியல. ரொம்ப நாள் கழிச்சுத்தான் அதுக்கு முந்தின வசனத்தைப் படிச்சேன். பாபிலோனுக்குச் சிறையா போனவங்களுக்கு எரேமியா எழுதின கடிதம் அது, அங்க 70 வருஷம்னு போட்டிருக்கு. அந்தக் கடிதத்தைக் கேட்டவங்கள்ல பெரும்பாலானவங்க ஊர் திரும்பாமலேயே அங்க செத்திருப்பாங்க. அப்படிப்பட்டவங்களுக்குத்தான் தேவன் அந்த வாக்கைக் கொடுத்தார். அதை முழுசா சொல்லியிருந்தா அண்ணன் கடைசி மாசத்தைப் பயமில்லாம கழிச்சிருப்பார், எங்ககிட்ட விடைபெற்றிருப்பார். அது நடக்கவே இல்ல.

அக்காவுக்காக
மேலே எழுதிய இருவரின் வலியும் புரிகிறது. ஆனால் நான் கண்டது வேறு. என் அக்கா மணமுறிவுக்குப் பிறகு முதல் முறை சபைக்கு வந்த அன்று, போதகர் "தள்ளிவிடுதலை நான் வெறுக்கிறேன்" என்று மணமுறிவைக் கண்டிக்கும் மல்கியா 2:16-ஐ எடுத்து, அவள் உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தே பேசினார். அடிபட்டு வெளியே வந்தவள் அவள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து நடந்தாள். கதவு வரைக்கும் ஒருவர்கூட அவள் பின்னால் போகவில்லை. அதே வசனம் கொடுமையையும் சேர்த்தே கண்டிக்கிறது. அந்தப் பாதியை அவர் வாசிக்கவே இல்லை. திரைப்பணி, உங்கள் சபையில் ஒரு வார்த்தையை அழித்தார்கள். எங்கள் சபையில் பாதி வசனத்தை விழுங்கிவிட்டு, அதற்குப் பெயர் சத்தியம் என்றார்கள்.

பழைய மூப்பர்
நானும் ஒரு சபையை விட்டு வந்தவன்தான். பாவம் என்ற சொல்லே இரண்டு வருஷம் அங்கே கேட்கவில்லை. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் அக்காவுக்காக எழுதிய சகோதரி சொன்னதை வைத்து, கண்டிப்பாகப் பேசுகிற எல்லாரும் இரக்கமற்றவர்கள் என்று யாரும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. யோவான் 8:11-ல், விபசாரத்தில் பிடிபட்டுக் கல்லெறியக் கொண்டுவரப்பட்ட பெண்ணிடம் ஆண்டவர் "நானும் உன்னை ஆக்கினைக்குள்ளாகத் தீர்க்கிறதில்லை" என்றார். அதே மூச்சில் "இனிப் பாவஞ்செய்யாதே" என்றும் சொன்னார். ஒன்றை விட்டு ஒன்றை எடுக்க நமக்கு அதிகாரமில்லை.

முறை வேறு, செய்தி வேறு. அத்தேனே பட்டணத்தில் பவுல் அவர்களுடைய புலவர்களின் வரியைச் சொல்லித்தான் பேசினார். ஆனால் மனந்திரும்புதலையும் உயிர்த்தெழுதலையும் விடவில்லை. சிலர் இகழ்ந்தார்கள், சிலர் விசுவாசித்தார்கள். யோவான் 6:66-ல் சீஷர்களில் அநேகர் பின்வாங்கிப் போனபோது ஆண்டவர் அவர்களைப் பிடித்து நிறுத்தப் பேச்சை மாற்றவில்லை. "நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ" என்று பன்னிருவரிடம் கேட்டார். கூட்டம் சேர்க்கும் முறைகளுக்கே உலகளவில் பேர்பெற்ற அமெரிக்காவின் வில்லோ கிரீக் சபை 2007-ல் தன் ஆய்வை வெளியிட்டபோது, நிகழ்ச்சிகளில் அதிகம் கலந்துகொள்வதால் மட்டும் விசுவாசி வளர்வதில்லை என்று தானே ஒப்புக்கொண்டது.

அதற்காக அவசரப்பட்டு வெளியேறாதீர்கள். முதலில் போதகரிடம் தனியாகப் பேசுங்கள். பிறகு மூப்பர்களிடம். லண்டனில் பேர்பெற்ற பிரசங்கியார் ஸ்பர்ஜன்கூட 1887 மார்ச்சிலிருந்து உபதேசம் தளர்வதைப் பற்றித் தம் பத்திரிகையில் எச்சரிக்கைகளை வெளியிட்டுவிட்டு, அக்டோபரில்தான் தம் சபைகளின் கூட்டமைப்பான பாப்திஸ்து ஐக்கியத்தை விட்டு விலகினார். புதிதாகப் போகிற சபையில் நிலையாகச் சேரும் முன் மூன்று மாதம் பிரசங்கங்களைக் குறித்துவையுங்கள், சிலுவை எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள்.

அக்காவுக்காக
ஐயா, எல்லாரும் அப்படி என்று நான் சொல்லவே இல்லை. "இனிப் பாவஞ்செய்யாதே" என்று எந்தப் பாவத்துக்காக என் அக்காவிடம் சொல்வீர்கள்? கல்லைக் கீழே போட்டுவிட்டுப் போனவர்கள் போன பிறகுதான் ஆண்டவர் அதையும் சொன்னார்.

திரைப்பணி
மூப்பர் ஐயா, தனியா பேசினேன். போதகர் கோபப்படல. ரொம்ப நேரம் கையைப் பார்த்துக்கிட்டே இருந்துட்டு, "வந்தவங்க போயிடுவாங்களோன்னு ஒவ்வொரு சனிக்கிழமை ராத்திரியும் தூக்கம் வரமாட்டேங்குது"ன்னார். அதுக்கு மேல எனக்குப் பேச வரல.

அடுத்த வாரம் அந்தப் பாட்டிகிட்ட போய், அந்த வார்த்தையை அழிச்சது நான்தான்னு சொன்னேன். வேதாகமத்தைத் திறந்து, அந்த வசனத்தை என்னையே முழுசா வாசிக்கச் சொன்னாங்க. வாசிச்சேன்.