பழைய கடைவீட்டை அளக்க லேசர் ஸ்கேனர் தேவையா?

மளிகைக்கடை மகன்:
வணக்கம். பினாங்கு ஜார்ஜ்டவுன் லெபோ பசாரில் அப்பாவின் பழைய கடைவீடு இருக்கிறது. ஒரு மாடி, நடுவில் வானம் பார்த்த முற்றம், இரு பக்கமும் பொதுச்சுவர். பழுதுபார்க்க வரைபடம் போடச் சொன்னேன். வரைந்தவர் முன்கட்டில் மட்டும் டேப் பிடித்து 5.20 மீட்டர் என்று குறித்துக்கொண்டு, பின்கட்டுக்கும் அதே அளவைப் போட்டுவிட்டார். பின்கட்டில் அகலம் 5.34. அறுத்து வந்த ஆறு உத்தரங்களும் குட்டை. சுவருக்குள் ஏற வேண்டிய முனை காற்றில் நின்றது. இப்போது அவை ஐந்தடி நடைபாதையில் கிடக்கின்றன, பக்கத்துக் கடைக்காரர் மேலே வெங்காய மூட்டை அடுக்கியிருக்கிறார். லேசர் ஸ்கேன் எடுக்கலாம் என்கிறார் ஒருவர். இந்தச் சின்னக் கட்டடத்துக்கு அது தேவையா?

பட்டர்வொர்த் பையன்:
சில கைப்பேசிகளிலேயே லேசர் ஸ்கேனர் வருகிறதே. நடந்துகொண்டே எடுத்துவிடலாம். எதற்கு வீண் செலவு?

முக்காலி:
தம்பி, கைப்பேசி ஏறத்தாழ ஐந்து மீட்டர் வரைதான் பார்க்கும். அறை அறையாக நடக்க நடக்கப் பிழையும் கூடவே நடக்கும். அலமாரி வைக்க இடம் பார்க்கலாம். அதை நம்பி மரம் அறுக்காதீர்கள்.

மளிகைக்கடை மகனுக்கு: அளவை வேலையில் எனக்கு இருபது வருடம் ஆகிறது. நேர்கோணமுள்ள பழைய கடைவீட்டை இன்னும் பார்க்கவில்லை. அதனால் ஸ்கேன் எடுங்கள் என்பேன். முக்காலியில் நிற்கும் கருவி சுழன்றபடி ஒளியை வீசி, அது சுவரில் பட்டுத் திரும்புவதை வைத்துத் தூரத்தைக் கணிக்கிறது. ஒளி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 3 லட்சம் கிலோமீட்டர் போகும்; அதை வைத்து மில்லிமீட்டர் கணக்குப் பார்க்கிறார்கள் என்றால் எனக்கு இன்றும் வியப்புதான். சுவர் எங்கே சாய்கிறது, எங்கே வயிறு தள்ளுகிறது என்று லட்சக்கணக்கான புள்ளிகள் காட்டிக்கொடுத்துவிடும். தூக்குக்குண்டு தொங்கவிட்ட இடத்தில் மட்டும்தான் பேசும்.

ஆனால் கருவி கண்ணுக்கு எதிரே இருப்பதைத்தான் பார்க்கும். மூட்டைகளை அகற்றாவிட்டால் சுவருக்குப் பதில் மூட்டையை அளந்து தருவார்கள். பொய்க்கூரைக்கு மேலே இருக்கும் மரச்சட்டமும் தெரியாது. இரண்டு பலகையையாவது கழற்றிக் கொடுங்கள். முற்றத்தில் மழை பெய்யும்போது எடுக்க விடாதீர்கள். துளிகளெல்லாம் புள்ளியாக விழும், ஈரத் தரையும் சரியாக வராது.

ஒரு தையல்கடையில் பட்ட பாடு: ஆளுயர நிலைக்கண்ணாடியைக் கவனிக்காமல் எடுத்துவிட்டேன். அலுவலகத்தில் திறந்து பார்த்தால் சுவருக்கு அப்பால் இன்னொரு கடை, அதில் இன்னொரு தையல் இயந்திரம்! அழிக்க அரை நாள் ஆனது.

பணம் பேசுமுன் கையில் என்ன தருவார்கள் என்று கேளுங்கள். புள்ளிகளை மட்டும் கொடுத்துவிட்டுப் போனால் உங்கள் தச்சருக்கு அது உதவாது. தரைப்படம், குறுக்குவெட்டுப் படம் இரண்டும் வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பொதுச்சுவரில் யாருக்கு எவ்வளவு என்பது வேறு வழக்கு. அதற்கு உரிமம் பெற்ற நில அளவையாளர்தான் வர வேண்டும்.

மளிகைக்கடை மகன்:
நன்றி ஐயா. மூட்டைகளை அகற்றிவிடலாம். கல்லாவுக்குப் பின்னால் அப்பா காலத்து நிலைக்கண்ணாடி ஒன்று இருக்கிறது, அம்மா அதைக் கழற்ற விடமாட்டார். துணி போட்டு மூடினால் போதுமா?

முக்காலி:
போதும். பளபளப்பில்லாத பழைய கைலியாக இருக்கட்டும்.