முதல் ஃப்ராக்கில் தலையே நுழையவில்லை: உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்

மகளுக்கு ஒரு வயது. அவளுக்கு நானே ஃப்ராக் தைக்கிறேன் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லியாயிற்று. மார்புச் சுற்று, தோள், கை, உயரம் எல்லாம் அளந்து குறித்துக்கொண்டேன். தலையை அளக்கவில்லை. சட்டை தைக்க யாராவது தலையை அளப்பார்களா?

பைப்பிங் வைத்து, இடுப்பில் சுருக்கு வைத்து, ஓரம் மடித்து முடிக்க மூன்று ராத்திரி ஆனது. காலையில் போட்டுவிட்டால் நெற்றியோடு நின்றுவிட்டது. உள்ளேயிருந்து ஒரே அலறல்.

கழற்றிவிட்டு டேப் வைத்தேன். கழுத்துச் சுற்று 38 செ.மீ., தலைச்சுற்று 45. பெரியவர்களின் உயரத்தில் தலை ஏழெட்டில் ஒரு பங்குதான். பிறந்த குழந்தைக்கோ நாலில் ஒரு பங்கு. என் சட்டையைச் சின்னதாக்கினால் அவள் சட்டை வந்துவிடும் என்று நான் போட்ட கணக்கே தப்பு.

அதோடு விட்டிருக்கலாம். அவசரத்தில் கழுத்தைச் சுற்றி 2 செ.மீ. வெட்டித் தள்ளினேன். சுற்றிலும் 1 செ.மீ. எடுத்தாலே சுற்றளவு 6 செ.மீ.க்கு மேல் கூடும் என்பது அப்புறம்தான் உறைத்தது. இப்போது தலை தாராளமாக நுழைகிறது, ஃப்ராக்தான் இரண்டு தோளையும் விட்டு வழுக்கிக் கீழே வந்துவிடுகிறது. புதிதாக வெட்டத் துணியும் மிச்சமில்லை. இந்த மாதிரி யாருக்காவது நடந்திருக்கிறதா, இல்லை நான் மட்டும்தானா?

*

நீங்கள் மட்டுமில்லை. கழுத்தை உள்பக்கம் மடித்துத் தைத்து, நாடா கோத்து, பின்னால் முடிச்சுப் போடுங்கள். தோளில் நின்றுவிடும், பார்க்கவும் அழகாக இருக்கும்.

*

நாடா மட்டும் வேண்டாம், தயவுசெய்து. என் பையனின் இரவுச் சட்டையில் நான் ஆசையாக வைத்த நாடா ஒருநாள் கட்டில் கம்பியில் மாட்டிக்கொண்டது. நல்லவேளை, நான் அதே அறையில் இருந்தேன். அன்றைக்கே கத்தரியை எடுத்து எல்லாச் சட்டையிலும் நாடாவை வெட்டினேன். ஐரோப்பாவில் குழந்தைகள் உடைக்கென்று இருக்கும் இஎன் 14682 தரவிதியும் சின்னக் குழந்தைகளின் உடையில் கழுத்துப் பக்கம் கயிறோ நாடாவோ கூடாது என்றுதான் சொல்கிறது.

உங்கள் ஃப்ராக்கைக் காப்பாற்ற வழி இருக்கிறது. கழுத்து ஓரத்தில் கிராஸாக, அதாவது துணியின் குறுக்கே சாய்வாக வெட்டிய பட்டி வைத்துத் தைத்து, அதற்குள் மெல்லிய எலாஸ்டிக்கைக் கோத்துவிடுங்கள். தலை போகும்போது விரியும், தோளில் சுருங்கி நிற்கும். எலாஸ்டிக்கை ரொம்ப இழுத்து வைக்காதீர்கள், கழுத்தில் சிவந்த கோடு விழும். அடுத்த ஃப்ராக்குக்கு நடு முதுகில் 10 செ.மீ. பிளவு விட்டு ஒரு பட்டன் வைத்தால் போதும். பட்டனைத் தைத்ததும் உங்கள் பலம் முழுக்கக் கொடுத்து இழுத்துப் பாருங்கள். வராவிட்டால்தான் குழந்தைக்குப் போடலாம். ஒரு வயதுக் குழந்தைக்கு எதுவானாலும் நேராக வாய்க்குத்தான் போகும்.

*

முதுகில் பட்டன் என்றதும் நினைவு வந்தது. நான் பட்டன் துளைக்குக் காஜா போடத் தெரியாமலே பட்டன் வைத்த ஃப்ராக் தைத்திருக்கிறேன்.

அப்பா போன பிறகு அவர் சட்டைகள் அலமாரியிலேயே இருந்தன. யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை. காலர் நைந்து, முழங்கையில் வெளிச்சம் தெரியும் அளவுக்குத் தேய்ந்த ஒரு வெளிர்நீலச் சட்டையை எடுத்தேன். தேயாத இடங்கள் முதுகும் முன்பக்கத்தின் கீழ்ப்பாதியும்தான். சட்டையின் முன்பக்கத்தை மகளுக்குப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டேன். அப்பாவின் பட்டன் பட்டி அப்படியே அவள் முதுகில் வந்து உட்கார்ந்தது. சட்டையின் கீழ் ஓரத்தையும் பிரிக்காமல் ஃப்ராக்கின் ஓரமாகவே வைத்துக்கொண்டேன். பல வருஷம் துவைத்த துணி, புதுத்துணிக்கு அந்த மென்மை வராது. இனிமேல் சுருங்கவும் அதில் ஒன்றும் மிச்சமில்லை.

வெட்டும்போது கை நடுங்கியது உண்மை. முதல் வெட்டுக்கு முன் அம்மாவைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்துவிட்டு, "பாக்கெட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பிரித்து முன்பக்கத்தில் வைத்தேன். மூன்று வயதுக்காரிக்கு அது பாதி வயிற்றை மறைத்தது. அவள் அதில் கூழாங்கல், பென்சில் துண்டு, ஒருநாள் மிஷினில் அடிநூல் சுற்றி வைக்கும் என் பாபின் எல்லாம் போட்டு வைத்தாள். பாபினை நான் இரண்டு நாள் தேடினேன்.

*

நான் அப்பா. எங்கள் வீட்டில் மிஷினில் உட்காருவது நான்தான், இதில் யாருக்கும் ஆச்சரியம் வேண்டாம்.

என் கதை டிரவுசர். பையனுக்கு 6 வயது, அதனால் 6 வயது என்று போட்டிருந்த காகித மாதிரியை எடுத்தேன். அவன் ஒல்லி, உயரம். இடுப்பில் இரண்டு விரல் இடைவெளி, கணுக்காலுக்கு மேல் நாலு விரல் இடைவெளி. அமெரிக்காவில் எபனேசர் பட்டரிக் என்ற தையல்காரர் 1863இல் இப்படிப் பல அளவுகளில் காகித மாதிரிகளை விற்க ஆரம்பித்தார். அதற்கு முன்பு மாதிரிகள் ஒரே அளவில்தான் வரும், கூட்டுவதும் குறைப்பதும் தைப்பவர் பாடு. என்னைக் கேட்டால் இன்றைக்கும் அது நம் பாடுதான். உறையில் போட்டிருக்கும் வயதைப் பார்க்காமல் இடுப்பும் உயரமும் பார்த்து எடுக்க வேண்டும்.

இரண்டாவது முறை அளவைச் சரியாகப் பிடித்தேன். ஆனால் நேரம் மிச்சம் என்று முன்துண்டையே வைத்து நாலு துண்டும் வெட்டினேன். நிற்கும்போது அருமையாக இருந்தது. தரையில் உட்கார்ந்தான், 'டர்' என்று நடுத்தையல் விட்டது. பின்துண்டின் வளைவு முன்துண்டைவிட நீளமாகவும் ஆழமாகவும் இருக்க வேண்டும், உட்காரும்போது துணி கேட்பது அந்த இடத்தில்தான். இப்போது அங்கே மட்டும் இரண்டு வரித் தையல் போடுகிறேன். முதலாவது டிரவுசரை விசாரிக்காதீர்கள், அது மிஷின் துடைக்கிறது.

*

பனியன் துணியில் தைக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண ஊசி வேண்டாம். முனை உருண்டையான பால்பாயிண்ட் ஊசி போடுங்கள், தையலைச் சின்ன ஜிக்ஜாகில் வையுங்கள். நேர்த்தையலில் தைத்த என் மகள் டீஷர்ட்டின் கழுத்து, போட்டுவிட்ட முதல் நாளே நூல் அறுந்து வாயைப் பிளந்தது.

அப்புறம், பருத்தித் துணியை வெட்டுமுன் நனைத்துக் காயவைத்து இஸ்திரி போடுங்கள். சொல்லிக் கேட்டிருக்கிறேன், செய்ததில்லை. மாமனாருக்குத் தைத்த சட்டை முதல் துவைப்பிலேயே கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது. மனிதர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொண்டு, இப்படித்தான் பிடிக்கும் என்கிறார்.

*

எலாஸ்டிக் வேலை செய்தது! பட்டி கொஞ்சம் முறுக்கிக்கொண்டிருக்கிறது, ஆனால் தலை போகிறது, தோளில் நிற்கிறது, அலறல் இல்லை. போட்ட அரைமணியில் உணவைக் கொட்டிக் கறையாக்கிவிட்டாள்.

தைரியம் வந்து நேற்று இரண்டாவதை வெட்டினேன், முதுகில் பிளவு விட்டு. துணியை முதலில் நனைத்தேன், தலையையும் அளந்தேன். ஓரம் முழுக்க மடித்துத் தைத்து முடித்து நிமிர்ந்து பார்த்தால், பாபினில் நூல் எப்போதோ தீர்ந்துவிட்டிருக்கிறது. சுற்றிலும் வெறும் ஊசித் துளைகள். மீதியை அவள் தூங்கிய பிறகு வந்து எழுதுகிறேன்.