இன்டராக்ட் சங்கம் நடத்தியவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் ரோட்டரி சங்கம் சார்பில் ஊரிலுள்ள அரசு மேல்நிலைப் பள்ளியில் இன்டராக்ட் சங்கம் தொடங்கப்போகிறோம். இது ரோட்டரியின் ஆதரவில் மாணவர்களே நடத்தும் சேவைச் சங்கம்; 12 முதல் 18 வயதுப் பிள்ளைகள் சேரலாம். ஆண்டுக்குக் குறைந்தது இரண்டு பணிகள்: ஒன்று பள்ளிக்கோ ஊருக்கோ உதவுவது, மற்றது பிற நாடுகளைப் புரிந்துகொள்ள உதவுவது. முதலாவதற்குக் கவலையில்லை, நூலகத்தைச் சீராக்கலாம் என்று பிள்ளைகளே சொல்லிவிட்டார்கள். இரண்டாவதை, இணைய வசதி சரியாக இல்லாத பள்ளியில் எப்படிச் செய்தீர்கள்?

அப்புறம், மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடும் கிராமத்துப் பிள்ளைகள் இதில் விடுபடவே கூடாது. அவர்களுக்காகக் கூட்டத்தை மதிய இடைவேளையில் வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பொறுப்பாசிரியருக்குச் சுமை கூடாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள் என்பதையும் எழுதுங்கள்.