அசாசின்ஸ் க்ரீட் ஷாடோஸ்: கொஞ்ச நேரம் நன்றாக ஓடிவிட்டு அப்புறம் தவழ்கிறது, உதவி தேவை

சத்துவாச்சாரி ஷினோபி
வணக்கம். ஷாடோஸ் கேம் ஆடுகிறவர்கள் இருந்தால் கொஞ்சம் பாருங்கள். லேப்டாப்பில் ஐ5 12450எச், ஆர்டிஎக்ஸ் 4060 (8 ஜிபி), 16 ஜிபி ராம், என்விஎம்இ எஸ்எஸ்டி. 1080பி, மீடியம் செட்டிங், டிஎல்எஸ்எஸ் (சின்னதாக வரைந்த படத்தை ஏஐ மூலம் பெரிதாக்கும் வசதி) குவாலிட்டியில் வைத்திருக்கிறேன்.

ஆரம்பத்தில் 60 எஃப்பிஎஸ் (நொடிக்கு 60 படங்கள்) பக்கத்தில் அருமையாக ஓடுகிறது. இருபது நிமிடம் போல ஆனதும் 18, 20 என்று விழுந்துவிடும். கொஞ்சம் ஏறும், மறுபடி விழும். கேமின் நின்ஜா நாயகி நாவோயேவை வைத்து ஒரு கோட்டைக்குள் பதுங்கிப் போய், கடைசிக் காவலாளி பக்கத்தில் வந்ததும்தான் சரியாகத் திணறும். ஹைட்அவுட்டுக்குள் (கேமில் நாம் கட்டிக்கொள்ளும் மறைவிடம்) போனால் முதல் நிமிடத்திலிருந்தே மந்தம்தான்.

இதே வரிசையின் முந்தைய கேமான மிராஜை இதே லேப்டாப்பில் போன மார்கழியில் முடித்தேன், ஒரு தொந்தரவும் இல்லை. டிரைவர் புதுசு, விண்டோஸ் அப்டேட் ஆகிவிட்டது. கேமை அழித்துவிட்டுத் திரும்ப இறக்கலாமா? 115 ஜிபி. வீட்டில் நெட் மொத்தத்தையும் நானே தின்கிறேன் என்று ஏற்கெனவே பேச்சு.

கோட்டை அகழி
அழிக்காதீங்க நண்பா. ஃபைல் கெட்டுப்போயிருந்தால் திறக்கும்போதே தகராறு செய்யும், இல்லை ஒரே இடத்தில் கிராஷ் ஆகும். இருபது நிமிடம் மரியாதையாகக் காத்திருக்காது. சந்தேகம் இருந்தால் லாஞ்சரில் வெரிஃபை மட்டும் கொடுங்கள், போதும்.

குடியாத்தம் ரோனின்
எங்கள் தெருவில் சாயங்காலம் ஆனால் வோல்டேஜ் இறங்கி ஃபேனே மெதுவாகச் சுற்றும் ப்ரோ. அதுதான் காரணம். நல்ல ஸ்டெபிலைசராக ஒன்று வாங்கிப் போடுங்கள்.

பாலாற்று மணல்
லேப்டாப்புக்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை. சார்ஜரின் அடியில் இன்புட் 100-240 வோல்ட் என்று அச்சடித்திருக்கும். 170 வோல்ட் வந்தாலும் அது பாட்டுக்கு வேலை செய்யும். கரன்ட் போய் பேட்டரிக்கு மாறினால் ஜிபியுவுக்குப் (கிராபிக்ஸ் சிப்) போகும் பவர் குறையும், உண்மைதான். ஆனால் அப்போது எஃப்பிஎஸ் அந்த நொடியே விழும்.

ஷினோபி தம்பி, எந்த நேரத்தில் ஆடுகிறீர்கள்? எந்த மாடி? லேப்டாப்பை எதன் மேல் வைக்கிறீர்கள்? ஆஃப்டர்பர்னர் என்ற அளவீட்டு சாஃப்ட்வேர் போட்டு சிபியு (பிராசசர்), ஜிபியு வெப்பம், இரண்டின் கிளாக் (ஓடும் வேகம்), ஜிபியு எடுக்கும் வாட் எல்லாம் திரை ஓரத்தில் தெரிகிற மாதிரி வைத்து ஆடுங்கள். விழுவதற்கு முன் என்ன, விழும்போது என்ன, இது தெரிந்தால் மீதியைச் சொல்லிவிடலாம்.

சத்துவாச்சாரி ஷினோபி
மதியம் சாப்பிட்ட பிறகு அண்ணா. மேல் மாடி, தலைக்கு மேலே மொட்டை மாடிதான். கட்டிலில் மெத்தை மேல்.

முதலில்: சிபியு 88 டிகிரி, 4 கிகாஹெர்ட்ஸ். ஜிபியு 76, 95 வாட்.
விழும்போது: சிபியு 99-100, 1.2 கிகாஹெர்ட்ஸ். ஜிபியு 87, 45 வாட்.

பாலாற்று மணல்
நினைத்தேன். வெப்பம் எல்லையைத் தொட்டதும் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கிறது. குறைத்ததும் கொஞ்சம் ஆறுகிறது, உடனே வேகம் ஏறுகிறது, மறுபடி 100. நீங்கள் சொன்ன ஏற்ற இறக்கம் இதுதான். மார்கழியில் மிராஜ் ஓடியதற்கும் பாதிக் காரணம் மார்கழி. மீதிப் பாதி, மிராஜ் இதைவிட எடை குறைந்த கேம்.

லேப்டாப் ஃபேன் அறைக் காற்றைத்தான் உள்ளே இழுக்கும். அறை 28 டிகிரியிலிருந்து 38க்குப் போனால் உள்ளே எல்லாமே ஏறக்குறைய அதே அளவு கூடும். கத்திரி வெயிலில் வேலூரில் 40ஐத் தாண்டுவது புதிதல்ல, அதிலும் கான்கிரீட் தளத்துக்கு நேர் கீழே. சுற்றிலும் பாறை மலை, ராத்திரி பத்து மணிக்கும் அனல் விடும். ஒரு நாள் விடியற்காலை 5 மணிக்கு, மேஜை மேல் வைத்து, இதே செட்டிங்கில் ஆடிப் பாருங்கள். விழவில்லை என்றால் சாஃப்ட்வேரைத் தொடவே வேண்டாம்.

குடியாத்தம் ரோனின்
அப்படியென்றால் ஐஸ் பேக்கைத் துணியில் சுற்றி அடியில் வைத்தால்? இல்லை ஏர் கூலரைப் பக்கத்தில் திருப்பிவிட்டால்?

பாலாற்று மணல்
ஐஸ் வேண்டவே வேண்டாம். குளிர்ந்த இடத்தில் காற்றின் ஈரம் நீராகப் படியும், அது போர்டில் இறங்கினால் என் ரிப்பேர் மேஜைக்குத்தான் வரும். கூலர் அறையின் ஓரத்தில் இருக்கட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும். ஈரக் காற்று நேராக லேப்டாப்பில் அடிக்கக் கூடாது.

கோட்டை அகழி
சம்பந்தமில்லாத ஒன்று. கேமின் கதை 1579இல் தொடங்குகிறது, நம் வேலூர்க் கோட்டையும் அதே 16ஆம் நூற்றாண்டு. அகழி, மதில், உள்ளே கோயில் எல்லாம் தயாராக இருக்கிறது. கேமில் ஜப்பானின் ஹிமெஜி கோட்டையில் ஏறும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

சத்துவாச்சாரி ஷினோபி
காலையில் பார்த்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடியும் 50க்குக் கீழே இறங்கவில்லை! ஆனால் ஹைட்அவுட் மட்டும் அப்போதும் மந்தம்.

பாலாற்று மணல்
ஹைட்அவுட் தனிக் கதை, அதையும் வெயிலையும் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ரே டிரேசிங்கை (வெளிச்சம் விழுவதை அந்தந்த நொடியே கணக்கிடும் முறை) மற்ற இடங்களில் நிறுத்தி வைக்கலாம், ஹைட்அவுட்டில் அது ஓடியே தீரும். கட்டடங்களை நம் இஷ்டத்துக்கு மாற்றி வைக்கிற இடம் என்பதால், வெளிச்சம் எங்கே விழும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டு வைக்க முடியாது. அங்கே மட்டும் டிஎல்எஸ்எஸ்ஸை பேலன்ஸ்டுக்கு மாற்றுங்கள். சண்டை கிடையாது, கொஞ்சம் மந்தமாக இருந்தால்தான் என்ன.

இனி வெப்பம். முதல் வேலை தூசி. பைபாஸ் பக்கத்து வீடுகளிலிருந்து வரும் லேப்டாப்பைத் திறந்தால், ஃபேனுக்கும் தாமிரத் தகடுகளுக்கும் நடுவில் தூசி கம்பளித் துண்டு மாதிரி படிந்திருக்கும். வெளியிலிருந்து ஊதினால் அது போகாது, மூடியைக் கழற்ற வேண்டும். காற்று அடிக்கும்போது ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கண்டபடி சுற்றி பேரிங் போய்விடும். வாரண்டி இருந்தால் சர்வீஸில் கொடுத்துச் செய்வது நல்லது. சிப்பின் வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட்டும் அப்போதே மாற்றச் சொல்லுங்கள்.

அப்புறம் எஃப்பிஎஸ்ஸை 45இல் கட்டிவிடுங்கள். 60க்காக சிபியு, ஜிபியு இரண்டும் மூச்சுமுட்டி ஓடுவது தேவையில்லாத வேலை. விண்டோஸ் பவர் ஆப்ஷனில் மேக்சிமம் பிராசசர் ஸ்டேட்டை 99 வைக்கச் சொல்லி எல்லா வீடியோவிலும் வரும். அது டர்போவை (தேவைக்கு வேகத்தைக் கூட்டும் வசதி) முழுசாக நிறுத்திவிடும். உங்கள் சிப் 2 கிகாஹெர்ட்ஸுக்கு வந்துவிடும், கியோட்டோ மாதிரி கூட்டமான தெருவில் திக்கித் திக்கி ஓடும். வேறு எதுவும் பலிக்காவிட்டால் மட்டும் அது.

சத்துவாச்சாரி ஷினோபி
சர்வீஸில் கொடுத்துச் சுத்தம் செய்தாகிவிட்டது. மெத்தையிலிருந்து மேஜைக்கு வந்தாச்சு, 45இல் கட்டியிருக்கிறேன். மதியம் 2 மணிக்கும் சிபியு 86, ஜிபியு 78. விழவே இல்லை அண்ணா, ரொம்ப நன்றி. கேமின் இன்னொரு நாயகன் யாசுகேவை வைத்துக் குதிரையில் வேகமாக ஊருக்குள் நுழையும்போது மட்டும் அரை நொடி நின்று ஓடுகிறது. மூடியைக் கழற்றியபோது பார்த்தேன், 16 ஜிபியும் ஒரே ஸ்டிக்.

பாலாற்று மணல்
ஒரே ஸ்டிக் என்றால் சிங்கிள் சேனல். இந்த கேமின் குறைந்தபட்சத் தேவைப் பட்டியலிலேயே 16 ஜிபி, டூயல் சேனல் என்று எழுதியிருக்கிறார்கள். சேனல் ஒன்றே இருந்தால் ராமிலிருந்து சிபியுவுக்குத் தரவு போகும் பாதை பாதிதான். இன்னொரு 16 போடுங்கள். வாங்கும் முன் பழைய ஸ்டிக்கின் லேபிளைப் பாருங்கள், உங்கள் சிப் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டோடும் வரும். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது ஏறாது.

குடியாத்தம் ரோனின்
என் லேப்டாப்பும் மெத்தையில்தான் இருக்கிறது. மூடியைக் கழற்ற எந்த ஸ்க்ரூ டிரைவர் அண்ணா, சாதா ஸ்டாரா?

பாலாற்று மணல்
பெரும்பாலும் சின்ன ஸ்டார்தான். ஸ்க்ரூக்கள் ஒரே நீளம் இருக்காது, எது எங்கேயிருந்து வந்தது என்று ஒரு தாளில் படம் போட்டு அதிலேயே குத்தி வையுங்கள்.