ஸ்டார்டியூ வேலி (பண்ணை வீடியோ கேம்): 24 கெக் இருக்கு, எதைப் போட்டா லாபம்?

ராத்திரிஆந்தை
இரண்டாம் வருஷம், சம்மர் 1ஆம் தேதி. கையில 28,000 கோல்டு, 24 கெக் (பீர், வைன் வடிக்கிற பீப்பாய்). பஸ் ஓடுது, பாலைவனம் போகலாம். ஃபார்மிங் லெவல் 9. இதுவரை கோதுமை போட்டு பீர்தான். மதுக்கடை நடத்துற கஸ் அதே பீரை 400க்கு விக்கிறார், நமக்குக் கிடைக்கிறது 200. ஹாப்ஸுக்கு (பேல் ஏல் வடிக்கிற கொடி) மாறலாமா, ஸ்டார்ஃப்ரூட் வைனா?

பனங்கிழங்கு
பாட்டில் விலையைப் பார்க்காதீங்க, ஒரு கெக் ஒரு நாளைக்கு எவ்வளவு தருதுன்னு பாருங்க. கெக்குக்கு ஒரு நாள்னா 1600 நிமிஷம். தூங்குற நேரமும் கணக்குல சேரும். பேல் ஏல் 2250 நிமிஷம். காலை 6க்குப் போட்டா மறுநாள் சாயங்காலம் 4:50க்குத்தான் ரெடி. காலையில மட்டும் ஷெட்டுக்குப் போறவருக்கு அது இரண்டு நாள், விலை 300, ஆக நாளுக்கு 150. வைன் 10,000 நிமிஷம், வாரம் ஒரு தடவைன்னு வைங்க. ஸ்டார்ஃப்ரூட் வைன் 2250, விதை 400 போக 1850, நாளுக்கு 264 வருது. கெக் கம்மியா இருக்கிறவரைக்கும் ஸ்டார்ஃப்ரூட்தான்.

இன்னைக்கே பாலைவனத்துல இருக்கிற ஒயாசிஸ் கடைக்குப் போய் 48 விதை வாங்குங்க, 19,200 ஆகும். ராத்திரிக்குள்ள நட்டுத் தண்ணியும் ஊத்திடணும். 13 நாள் பயிர், 14ஆம் தேதி அறுவடை. அதுவரை கெக்கைச் சும்மா போடாம 96 கோதுமை (960 கோல்டு) விதைங்க. 5ஆம் தேதி கைக்கு வந்துடும், நாலு தடவை பீர் போட்டா 19,200. அடுத்த 48 விதைக்கான காசு அப்படியே வந்துடுது.

இரண்டாவது நடவு 15ஆம் தேதியைத் தாண்டக் கூடாது. 16ல நட்டா ஒரே ஒரு நாள் பாக்கி இருக்கும்போது 28 நாள் சம்மர் முடிஞ்சு ஃபால் (அடுத்த சீசன்) வந்துடும், எல்லாம் காய்ஞ்சு போகும்.

கறுப்புகாப்பி
ஸ்டார்ஃப்ரூட் சரி, ஆனா அதை மட்டும் நம்பினா குளிர்காலத்துல கெக்குக்கு என்ன போடுவீங்க? கூடவே ஹாப்ஸும் நடுங்க. விதை 60 தான். 1ஆம் தேதி நட்டா 12லிருந்து 28 வரை தினம் ஒண்ணு, செடிக்கு 17. பெட்டியில போட்டு வெச்சா கெட்டுப்போகாது. 24 கெக்குக்கு ஒரு சீசனுக்கு 336 வேணும், 20 செடி வெச்சா 340 வந்துடும்.

இன்னொண்ணு: கோல்டு ஸ்டார் (உயர் தரம்) உள்ள பழத்தை கெக்ல போடாதீங்க. எந்தத் தரத்துப் பழம் போட்டாலும் வைன் சாதாரணம்தான். ஸ்டார் இல்லாததைப் போட்டுட்டு, மிச்சம் விழுந்தா ஸ்டார் உள்ளதை விக்கலாம்.

ராத்திரிஆந்தை
ஹாப்ஸ் பந்தல் செடியாச்சே, நடுவுல நடக்க முடியாதே? கெக்குக்குப் பதிலா ஜார் (ஜாம், ஊறுகாய் போடுறது) போட்டா என்ன?

கறுப்புகாப்பி
ஆமா, செடிக்குள்ள புகுந்து போக முடியாது. சதுரமா நட்டா உள்ளே இருக்கிறதைப் பறிக்க வழியே இருக்காது. இரண்டு வரிசை, ஒரு நடைபாதை, மறுபடி இரண்டு வரிசை. ஸ்ப்ரிங்க்ளர் வரிசைக்குள்ளேயே இருக்கட்டும், தண்ணி பாய பந்தல் தடை இல்லை.

ஜார் கணக்கு: விலை இரண்டு மடங்கு கூட்டல் 50. ஹாப்ஸை ஊறுகாயாப் போட்டா 100, பேல் ஏல் 300. பக்கத்துலயே வராது. ப்ளூபெர்ரியோட விலை 50, அதுக்கு ஜாரிலும் வைனிலும் அதே 150. ஆனா ஜார் மூணு நாளில முடிஞ்சுடும், அதனால ப்ளூபெர்ரி ஜாருக்கு.

பனங்கிழங்கு
லெவல் 10ல ஆர்ட்டிசன் தொழிலை எடுங்க, கண்ணை மூடிக்கிட்டு. வைன் மாதிரி தயாரிச்ச பொருளோட விலை 40% கூடும், ஸ்டார்ஃப்ரூட் வைன் 3150. காப்பிக்கு அது செல்லாது.

கெக் கூட்டணும்னா மாட்டிக்கிறது மரமும் இரும்பும் இல்லை, ஓக் பிசின். ஒரு கெக்குக்கு 30 மரக்கட்டை, செம்புக் கட்டி 1, இரும்புக் கட்டி 1, பிசின் 1. டேப்பர் (பிசின் வடிக்கிற கருவி) மாட்டின ஓக் மரம் வாரத்துக்கு ஒரு பிசின்தான் தரும். 12 மரத்துல இன்னைக்கே மாட்டினா இரண்டு வாரத்துல 24 கெக்குக்கான பிசின் கைல. ஒரு டேப்பருக்கு 40 மரக்கட்டை, 2 செம்புக் கட்டி.

பாதாள அறை 1,00,000 கோல்டு, இப்ப வேண்டாம். வாங்கின பிறகும் அங்கே காஸ்க்ல (பழசாக்குற பீப்பாய்) ஸ்டார்ஃப்ரூட் வைன் மட்டும். 56 நாளில விலை இரட்டிப்பாகும். பேல் ஏலை 34 நாள் அடைச்சு வெச்சா கூடுறது வெறும் 300. அதுக்குப் பதிலா பஸ் ஓட்டுற பாம்ங்கிற அம்மாகிட்ட ஒரு பாட்டில் கொடுங்க, ரொம்பப் பிடிக்கும்.