பேட்ச் ஒட்டிய பிறகு பேசுவது நானா, மருந்தா?

சாட்ஸ்வொர்த், டர்பன்

வயது 53. மாதவிடாய் நின்று இரண்டரை வருடம். ஈஸ்ட்ரோஜன் பேட்ச் (தோல் வழியாக ஹார்மோன் இறங்கும் பட்டை) ஒட்ட ஆரம்பித்து ஏழு மாதம். ஞாயிறும் புதனும் மாற்றுகிறேன். கர்ப்பப்பை இருப்பதால் இரவில் புரோஜெஸ்டிரான் காப்ஸ்யூலும் உண்டு. உடம்புக் கதையை அப்புறம் சொல்கிறேன். முதலில் போன மாதம் நடந்ததைக் கேளுங்கள்.

கல்யாணமாகி வந்த நாள் முதல் ஞாயிறு மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில்தான். கொழுந்தன் குடும்பம், நாத்தனார் குடும்பம், பிள்ளைகள் என்று பதினான்கு பேருக்குக் குறையாது. இப்படியே இருபத்தெட்டு வருடம் ஓடிவிட்டது. போன மாதம் ஒரு சனிக்கிழமை, "நாளைக்கு நான் சமைக்கவில்லை, எல்லோருக்கும் பீன்ஸ் பன்னி வாங்கிக்கொள்ளலாம்" என்றேன். (பன்னி என்றால் இங்கே ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு நிரப்பித் தருவது.) கத்தவில்லை. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவும் இல்லை. நாத்தனார் டீ கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் கணவரைப் பார்த்து (என்னைப் பார்த்து இல்லை) சொன்னார்: "அண்ணா, அந்தப் பட்டையை ஒட்டின நாளிலிருந்து அண்ணி ஆளே மாறிட்டாங்க. டாக்டர்கிட்ட சொல்லிக் குறைக்கச் சொல்லுங்க."

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. ஏனென்றால், ஆள் மாறிப்போயிருந்தது அதற்கு முந்தைய இரண்டு வருடம்தான். ராத்திரிக்கு நாலைந்து தடவை நெஞ்சிலிருந்து தீ மாதிரி ஒன்று கிளம்பித் தலைக்கு ஏறும். நைட்டி நனைந்துவிடும். டர்பனில் பிப்ரவரிப் புழுக்கம் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. அதில் லோட் ஷெடிங் என்று மின்வெட்டும் வந்து ஃபேனும் நின்றுவிட்டால் விடியும்வரை குளியலறைத் தரையில் உட்கார்ந்திருப்பேன். காலையில் பள்ளி அலுவலக வேலைக்குப் போகவேண்டும். ஒரு பிள்ளையின் அப்பா கட்டணத்தைப் பற்றி ஏதோ சாதாரணமாகக் கேட்டதற்கு அவர் முன்னாலேயே அழுதுவிட்டேன். ஸ்டேப்ளர் என்ற பெயர் வாயில் வராமல், "அந்தக் கடிக்கிற சாமானை எடு" என்று சொல்லியிருக்கிறேன். வீட்டில் ஒரு நாள் கரண்டி பறந்தது. அந்தக் குழம்புக் கறை சுவரில் இன்னும் இருக்கிறது. அப்போது இதே நாத்தனார் ரொம்ப அனுசரணையாக, "இந்த வயசுக்கு அப்படித்தான், கண்டுக்காதீங்க" என்றார்.

ஆக, கரண்டியை எறிந்தால் வயசு. பன்னி வாங்கலாம் என்றால் மருந்து. நான் எப்போது பேசினால் அது நான் பேசியது என்று கணக்கில் வரும்?

என் அம்மா டர்பனில் துணி ஃபேக்டரியில் காலர் தைத்தவர். ஈரத்துணியைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு மெஷினில் உட்காருவாராம். கேட்டால் "உடம்பு மாறுது" என்பதோடு சரி. அவரிடம் இதைப் பற்றிக் கேட்க இப்போது வழியில்லை. அதனால் உங்களைக் கேட்கிறேன். ஹார்மோன் எடுத்தபின் உங்கள் குணம் மாறியதா? மாறியது என்று யார் சொன்னார்கள், நீங்களா, மற்றவர்களா?

லெனேசியா

அக்கா, எனக்கு நேர் எதிர். முதலில் கொடுத்த மாத்திரையில் மாதத்தில் கடைசிப் பன்னிரண்டு நாள் புரோஜெஸ்டோஜன் (புரோஜெஸ்டிரான் மாதிரி வேலை செய்யும் மருந்து) சேர்ந்து வரும். முதல் பதினாறு நாள் நான் மகாலட்சுமி. அடுத்த பன்னிரண்டு நாள் வீட்டில் யாரும் சத்தமாக மூச்சு விடமாட்டார்கள். இருபது வயதில் தூரமாவதற்கு முன்னால் வரும் அதே எரிச்சல், அதே அழுகை. நான் கவனிக்கவே இல்லை. என் பெண்தான் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காலண்டரில் புள்ளி வைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். மூன்று மாதப் புள்ளிகளை டாக்டரிடம் காட்டியதும் வேறு வகை புரோஜெஸ்டிரானுக்கு மாற்றினார். இரவில் எடுப்பது. அரைமணி நேரத்தில் தூக்கம் கண்ணைச் சுழற்றும். இப்போது பரவாயில்லை. ஜூலை மாதம் ஜோஹன்னஸ்பர்க் குளிரில் ராத்திரி இரண்டு மணிக்கு ஜன்னலைத் திறந்து வைத்தவள் நான். இப்போது மற்றவர்களைப்போல இரண்டு கம்பளியில் தூங்குகிறேன்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க், ஓய்வுபெற்ற சிஸ்டர்

தங்கச்சி, 34 வருடம் வார்டிலும் கிளினிக்கிலும் இருந்தவள் சொல்கிறேன். உன் நாத்தனார் சொல்வது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை.

சூடு எங்கிருந்து வருகிறது என்று முதலில் தெரிந்துகொள். மூளையில் ஹைபோதலாமஸ் என்ற இடத்தில் உடம்பின் வெப்பத்தைக் கவனிக்கும் நரம்புகள் இருக்கின்றன. ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் பக்கத்தில் இருக்கும் சில நரம்பணுக்கள் கட்டுப்பாடு இல்லாமல் தூண்டிவிட ஆரம்பிக்கும். கொஞ்சம் வெப்பம் கூடினாலும் "கொதிக்கிறது, ஆற்று" என்று மூளை உத்தரவு போட்டுவிடும். அதுதான் வியர்வை. இது ராத்திரி முழுக்க நடந்தால் தூக்கம் போகும். தூக்கம் போனால் யாருக்கும் கரண்டி பறக்கும். மருந்து சூட்டை அடக்கியது, தூக்கம் வந்தது, பொறுமை திரும்பியது. உன் விஷயத்தில் பெரும்பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

மனநிலையை ஹார்மோன் நேராகவே தொடுகிறதா? தொடுகிறது, ஆனால் எல்லோரிடமும் ஒரே மாதிரி இல்லை. அமெரிக்காவில் 172 பெண்களை வைத்து நடந்த ஒரு ஆய்வு 2018ல் வந்தது. மாதவிடாய் நிற்கப்போகிற அல்லது அப்போதுதான் நின்ற பெண்கள். தொடங்கும்போது யாருக்கும் மனச்சோர்வு இல்லை. ஒரு வருடத்தில், மருந்தே இல்லாத வெற்றுப் பட்டை ஒட்டியவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கு மனச்சோர்வு அறிகுறிகள் வந்தன. ஈஸ்ட்ரோஜன் பட்டை ஒட்டி இடையிடையே புரோஜெஸ்டிரான் எடுத்தவர்களில் 17 பேருக்கு. 2015ல் வந்த இன்னொரு ஆய்வில் 693 பேர், நான்கு வருடம். அதில் மாத்திரை எடுத்தவர்களுக்குத்தான் மனது கொஞ்சம் லேசானது, பட்டைக்காரர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. ஞாபகசக்தி இரண்டு பக்கமும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதனால் ஸ்டேப்ளரை மறப்பதற்கு இதுதான் மருந்து என்று எடுத்துக்கொள்ளாதே. மனச்சோர்வுக்கென்றே கொடுக்கும் மருந்தும் இது இல்லை. வாழ்க்கையே பிடிக்கவில்லை என்று தோன்றினால் அதற்குத் தனியாக டாக்டரைப் பார்க்கவேண்டும்.

பயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இன்னும் கேட்கிறார்கள். 2002 ஜூலையில் ஹார்மோன் மாத்திரையைச் சோதித்த அமெரிக்காவின் அந்தப் பெரிய ஆய்வை நடுவில் நிறுத்தினார்கள் இல்லையா, அந்த வாரம் கிளினிக் ஃபோன் ஓயவே இல்லை. மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டிவிட்டு வந்தவர்களை எனக்குத் தெரியும். அந்த ஆய்வில் 16,608 பேர், சராசரி வயது 63. மார்பகப் புற்றுநோய் பத்தாயிரம் பேருக்கு வருடத்துக்கு, வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 30 என்றால் ஹார்மோன் எடுத்தவர்களில் 38. கூடுதல்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் செய்தியில் கேட்டவர்கள் பாதிப் பெண்களுக்கு வருகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். 65க்கு மேல் தொடங்கியவர்களிடம் மறதிநோய் இரட்டிப்பானதும் அதே ஆய்வின் ஒரு கிளையில்தான் தெரிந்தது. அதனால்தான் இப்போது 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்து வருடத்துக்குள் தொடங்குவதைப் பற்றிப் பேசுகிறார்கள். இரத்தக்கட்டு அபாயம் மாத்திரையில் உண்டு. வழக்கமான அளவில் பட்டையில் அது கூடுவதாகத் தெரியவில்லை.

ஒரு சின்ன விஷயம்: பட்டையை அடிவயிற்றிலோ பிட்டத்திலோ ஒட்டு, மார்பில் வேண்டாம். டர்பன் வியர்வைக்கு முதலில் தோலை நன்றாகத் துடைத்துக் காயவிடு, பவுடரும் லோஷனும் போடாதே.

வெருலம்

சிஸ்டர் அம்மா சொன்னதில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. இங்கே சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்கிறேன்.

எங்கள் கோயிலில் ஆடிக் கஞ்சி காய்ச்சும்போது பெரிய பானைக்குப் பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாம் தூரம் நின்ற பெண்கள்தான். எழுதி வைத்த சட்டம் இல்லை, வழக்கம். எனக்கு 51ல் நின்றது. அடுத்த ஆடிக்கே என்னைப் பானைக்கு அழைத்தார்கள். சிரிக்காதீர்கள், எனக்கு அது பதவி உயர்வு மாதிரி இருந்தது. ஆடி என்றால் இங்கே குளிர்காலம். விடியற்காலையில் நெருப்புக்குப் பக்கத்தில் நின்று பெரியவர்கள் கதை கேட்டுக்கொண்டே கிளறுவது ஒரு சுகம்.

பிறகு லெனேசியா தங்கச்சி சொன்ன அதே முறை மாத்திரையை எனக்கும் கொடுத்தார்கள். அதில் புரோஜெஸ்டோஜன் முடிந்ததும் மாதாமாதம் இரத்தம் வரும். டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் அது கோயிலில் எங்கே கொண்டுபோய் நிறுத்தும் என்று எனக்கும் தோன்றவில்லை, அவருக்கும் தோன்றியிருக்காது. சரியாகக் கஞ்சி நாளுக்கு முந்தின சாயங்காலம் வந்தது. பானைக்குப் போவதா வேண்டாமா? மறைத்துப் போகலாம், யாருக்கும் தெரியாது. மனது கேட்கவில்லை. எங்கள் தெருவில் எண்பது தாண்டிய ஆயா ஒருவர் இருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "இதுல பிள்ளை தங்குமா?"

"தங்காது ஆயா, மாத்திரையால வர்றது."

"அப்ப அது தூரம் இல்லை. கைல வெட்டிக்கிட்டா துணி சுத்திட்டு வேலை செய்வோம் இல்ல? போய்க் கிளறு."

போனேன். ஆனால் நான் ஒருத்தியிடம் சொல்லப்போய், அவர் இன்னொருவரிடம் சொல்ல, அடுத்த வருடம் என்னை வாழைப்பழம் நறுக்கும் மேசைக்கு மாற்றிவிட்டார்கள். யாரும் முகத்துக்கு நேராக எதுவும் சொல்லவில்லை. தீட்டு என்பதை நான் நம்புகிறேனா என்று கேட்டால், முன்னைவிடக் குறைவாக நம்புகிறேன். பானை போனது மட்டும் உறுத்தியது. இப்போது தினமும் இரண்டும் சேர்ந்த மாத்திரை. முதல் சில மாதம் அங்கங்கே கறை பட்டது, பிறகு நின்றுவிட்டது. ஒன்று கவனியுங்கள்: எதிர்பார்க்காத நாளில் இரத்தம் வந்தால் மாத்திரைதான் என்று விட்டுவிடாமல் காட்டிவிடுங்கள். நான் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டேன்.

கேப் டவுன்

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்தவள். மார்பகப் புற்றுநோய் வந்து சுகமானபடியால் எனக்கு ஹார்மோன் கிடையாது. சூட்டுக்கு மனச்சோர்வு மருந்தில் ஒன்றைக் குறைந்த அளவில் தருகிறார்கள். பாதிக்குப் பாதி குறைந்தது, அதுவே பெரிய விஷயம். ஆனால் எங்கே போனாலும் "பேட்ச் ஒட்டவில்லையா? அது அற்புதமாச்சே" என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் என் நோயின் கதையைச் சொல்லி அவர்களுக்கு ஆறுதல் சொல்லிவிட்டு வரவேண்டியிருக்கிறது. கொஞ்சம் பார்த்துப் பேசுங்கள், அவ்வளவுதான்.

பிரிட்டோரியா, கணவர்

ஆண்கள் எழுதலாமா தெரியவில்லை. என் மனைவி இரண்டு வருடம் என்னோடு ஒரே சோபாவில் உட்காரமாட்டார். தோளில் கை வைத்தால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார். நான் ஓய்வுபெற்று வீட்டில் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டி, பிடிக்காத பௌலிங் கிளப்பில்கூடச் சேர்ந்தேன். கடைசியில் அவருடைய அக்கா மூலம் எனக்குச் செய்தி வந்தது: வறட்சி, வலி. ஒரு தொடுகை அடுத்த கட்டத்துக்குப் போய்விடுமோ என்ற பயத்தில் தொடுகையே வேண்டாம் என்று இருந்திருக்கிறார். அந்த இடத்தில் மட்டும் வைக்கும் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள். இரத்தத்தில் மிகக் கொஞ்சம்தான் கலக்குமாம். சில வாரத்தில் வலி போனது. சோபாவுக்கு வர அதைவிட ரொம்ப நாள் ஆனது. அதற்கு மருந்து இல்லை, நான் வாயைத் திறந்து கேட்டிருக்கவேண்டும்.

இன்னொன்று. எங்கள் மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இதைச் சேமிப்புக் கணக்கிலிருந்து கழித்துக்கொண்டே வந்தது. தென்னாப்பிரிக்காவில் காப்பீட்டுக்காரர்கள் கட்டாயமாகக் கொடுக்கவேண்டிய குறைந்தபட்சப் பலன்களின் பட்டியலில் மாதவிடாய் நிற்கும் காலத்து ஹார்மோன் சிகிச்சையும் இருக்கிறது. டாக்டரிடம் கடிதம் வாங்கி விண்ணப்பித்தோம். மூன்று முறை எழுதிய பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

சாட்ஸ்வொர்த், டர்பன்

எல்லோருக்கும் நன்றி. ஆயா சொன்னதை அம்மாவிடம் சொல்ல ஆசையாக இருக்கிறது.

உங்களுக்குப் பதில் எழுதத் தாமதமானதற்குக் காரணம் இருக்கிறது. மருந்துக் கடையில் என் அளவு பேட்ச் கிடைக்கவில்லை, பதினெட்டு நாள். இரண்டாவது வாரமே சூடு திரும்பி வந்தது. தூக்கம் போயிற்று. ஞாயிறு அன்று நாத்தனாரின் பையன் டிவியைச் சத்தமாக வைத்ததற்கு அவனை ஒரு கத்துக் கத்தினேன். பிறகு கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன், ஐஸ்கிரீமும் வாங்கிக் கொடுத்தேன். அது பட்டை இல்லாததால்தான், ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் அந்த ஞாயிறும் நான் சமைக்கவில்லை. பட்டை இல்லை என்று நாத்தனாருக்குத் தெரியும். சிஸ்டர் சொன்னதை எல்லாம் விளக்க எனக்குத் தெம்பு இல்லை, "இப்ப என்ன சொல்றீங்க?" என்று மட்டும் கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை பேட்ச் வந்துவிட்டது. இந்த ஞாயிறு கொழுந்தன் வீட்டில் சாப்பாடு. என்னை ஊறுகாய் மட்டும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.